கூட்டிவந்தவர் எண்

ஒரு வரி நீக்கப்பட்டது என்று திரை சொன்னது. பச்சை எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசியில் ஒரு புள்ளியும் வைத்து, மறுபேச்சுக்கே இடமில்லாத மாதிரி சொன்னது. அது சொல்லி முடித்த அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மெஷின் சத்தத்தில் பாதி இல்லாமல் போனது.

பாலகோபால் கீபோர்டிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏழு வருஷமாக அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறான். அந்தப் பக்கம் ரீலிங் டிபார்ட்மெண்ட். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற மெஷின்கள், அவற்றின் முன்னால் நாற்பது பெண்கள். கரண்ட் போனால் அந்தச் சத்தம் மொத்தமாக நிற்கும். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொன்றாக அடங்கும். பாதி மட்டும், ஒரே நொடியில், கத்தரித்துப் போட்ட மாதிரி நின்று அவன் கேட்டதே இல்லை.

மணி மதியம் இரண்டரை. ஆனால் அந்த அறைக்குள் மணி என்று ஒன்று கிடையாது. முன்னே பஞ்சு சாம்பிள் வைத்திருந்த அறை அது. கம்ப்யூட்டர் வந்ததும் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். குழல் விளக்கின் வெளிச்சம், ஏசியிலிருந்து வரும் ஈரச் சாக்கு வாடை, எத்தனை துடைத்தாலும் மேஜை மேல் வந்து உட்காரும் பஞ்சுத் தூசி, வெளியே ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கும் சத்தம். இவ்வளவுதான் அங்கே உலகம். மூலையில் அலமாரி உயரத்துக்கு நின்ற பெட்டியில், டிஸ்க் வேலை செய்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வரியை அழிக்க அது ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும். சிமிட்டவில்லை. எரிந்துகொண்டே இருந்தது.

பாலகோபால் கமிட் என்று அடித்து எண்டரைத் தட்டினான். செய்ததை உறுதி செய்கிற சொல் அது. அடித்துவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. யோசித்து அடிக்கவில்லை. எதை அழித்தாலும் அடுத்து அதை அடித்துப் பழகிய கை.

அழித்தது ராசாத்தாளை.

காலையில் மேனேஜர் சுந்தரராஜுலு கூப்பிட்டு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை ஆள் பற்றாக்குறை என்று ரீலிங்கிலிருந்து ராசாத்தாளைக் கழிவுப் பஞ்சு மெஷினுக்கு மாற்றி நிறுத்தியிருந்தார்கள். பழக்கமில்லாத மெஷின். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அவள் போட்ட சத்தம் கம்ப்யூட்டர் அறை வரை கேட்டது. பாலகோபால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். தூசி உள்ளே வரும் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான்.

"ஏப்பா பாலு, அந்த ரீலிங்காரி பேரு உன் கம்ப்யூட்டர்ல இருக்குதுல்ல?" என்றார் சுந்தரராஜுலு.

"இருக்குதுங்க சார்."

"இருக்கப்படாது. நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வாராரு. அப்படி ஒருத்தி இங்க வேலையே செய்யலைன்னு சொல்லிப்போடலாம். பழைய நோட்டைக் கரையான் தின்னுபோச்சுன்னு சொன்னா நம்புவாங்க. கம்ப்யூட்டரைக் கரையான் தின்னுதுன்னா நம்புவாங்களா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பாலகோபாலும் சிரித்தான். மேனேஜர் சிரித்தால் சிரிப்பது, சொன்னால் செய்வது. ஏழு வருஷத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான். ராசாத்தாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே, நாளைக்கு நஷ்ட ஈடு என்று வந்து நின்றால் என்ன சொல்வார்கள் என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டான். மாதத்துக்கு ஒருமுறை லீவு பாக்கி கேட்டு வந்து, கம்ப்யூட்டர் அறை வாசல் மிதியடிக்கு வெளியிலேயே நிற்பாள் அவள். அவனும் திரும்பிப் பார்க்காமல் கால் மணி நேரம் நிற்க வைப்பான். அவளோடு அவனுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ரீலிங் பக்கம் சத்தம் இன்னும் கொஞ்சம் மெலிந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த விதி ஞாபகம் வந்தது.

அந்த மில்லுக்குள் யாரும் தானாக வந்து சேர்ந்ததில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருத்தர் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று கைநாட்டு வைக்க வேண்டும். நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: கூட்டிவந்தவர் எண். கூட்டிவந்தவளை வேலையை விட்டு அனுப்பினால், அவள் கூட்டிவந்தவர்களும் அன்றைக்கே வெளியே போக வேண்டும். பெரிய முதலாளி காலத்து ஏற்பாடு. ஒருத்தி வாயைத் திறக்க நினைத்தாலும், அவளை நம்பி வந்த பத்துப் பேர் அவள் வாயைப் பொத்திவிடுவார்கள்.

தொண்ணூற்று நான்கில் நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பாலகோபால் அந்த ஏற்பாட்டையும் உள்ளே ஏற்றினான். ஃபாரின் கீ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வரியும் நிஜமாகவே இருக்கிற இன்னொரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பிடி இல்லாத வரியை டேபிள், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்தப் பெயர்ப் பட்டியல், உள்ளே விடாது. அதோடு அவன் இன்னொன்றையும் சேர்த்து எழுதினான்: பிடிக்கப்பட்ட வரி போனால், பிடித்திருக்கும் வரிகளும் கூடவே போகட்டும். மில்லின் கல்மனசு மூன்றே சொற்களில் எவ்வளவு கச்சிதமாக அடங்கிவிட்டது என்று அன்றைக்கு அவனுக்கு ஒரே பெருமை. எழுதினான், மறந்தும் போனான். கம்ப்யூட்டர் மறக்கவில்லை. நீ அழிக்கச் சொன்னது ஒன்று, ஆகவே ஒன்று என்றது. கூடப் போனவர்களை அது எண்ணிச் சொல்வதில்லை.

ராசாத்தாள் இருபத்தேழு வருஷமாக அங்கே இருப்பவள். பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பெண்களைக் கூட்டிவந்தவள்.

ஆனாலும் என்ன? போனது கம்ப்யூட்டரில் சில பெயர்கள். சத்தம் எதற்கு நிற்க வேண்டும்?

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வராந்தாவில் காற்று முகத்தில் அறைந்தது. ரீலிங் வாசலில் பெண்கள் கழற்றிவிட்ட ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன. நீல வார், சிவப்பு வார், ஊக்கு குத்திய வார். எல்லாம் இருந்தன. ஓரத்துச் சிமெண்டுத் திண்டில் சோற்றுத் தூக்குப்போசிகள். கைக்கு எட்டிய ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. மூடி இடுக்கிலிருந்து புளிக்குழம்பு வாசனை வந்தது.

உள்ளே மெஷின்கள் நின்றுகொண்டிருந்தன. நின்றிருந்தால் பரவாயில்லை. அவை நின்று வருஷக்கணக்காகியிருந்தது. சட்டங்களின் மேல் விரற்கடை கனத்துக்குப் பழுப்புத் தூசி. ஒரு மெஷினுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒட்டடை தொங்கியது. எண்ணெய் போடும் ஓட்டைகளில் துரு. காலையில் இதே வழியாகத்தான் அவன் டீ குடிக்கப் போனான். அப்போது இந்த மெஷினில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் மகள் பிரசவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் மட்டும் ஆறேழு பேர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி அப்துல் வஹீது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"ஏனுங்க பாய், மத்த பொம்பளைக எல்லாம் எங்க?"

"எந்தப் பொம்பளைகங்க சார்?"

"இந்த மெஷின்ல நின்னவங்க."

வஹீது மெஷினைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இது ஓடி எத்தனையோ வருசமாச்சுங்களே. நான் மேஸ்திரியா வாரதுக்கு முன்னாலயே நின்னுபோச்சு. என்ரகிட்ட இருக்கறது இந்த ஒரு வரிசைதானுங்க."

"ராசாத்தா எங்க வேலை செஞ்சா?"

"அது யாருங்க சார்?"

கேலி இல்லை. மறைக்கவும் இல்லை. அந்த நல்ல மனுஷரின் முகத்தில் தெரிந்தது வெறும் மரியாதை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை அவள் கையைத் தன் தலைத்துண்டால் சுற்றி வேனில் ஏற்றியவர் அவர்.

பாலகோபால் அவர் தோளுக்கு மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தான். மஞ்சள் ரவிக்கை போட்ட ஒருத்தி அறுந்த நூலின் இரு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போடப் போனாள். அவன் கண்ணை இமைத்தான். நூல் மட்டும் காற்றில் மெல்ல இறங்கி மெஷின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் தூசி தடிமனாகப் படிந்திருந்தது.

"ஆறு பேரை வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றது, சொல்லுங்க," என்றார் வஹீது. திரும்பிப் பார்த்தார். "அஞ்சு பேரை."

அவன் ஓடி வந்துவிட்டான். ஓட வேண்டாம் என்றுதான் நினைத்தான்; கால்கள் கேட்கவில்லை. கதவைத் தாழ் போட்டான். காலையில் டேபிளில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணச் சொன்னான். ஆயிரத்து முந்நூற்று எழுபத்தாறு என்றது. மறுபடி கேட்டான். எழுபத்தைந்து. மறுபடி. எழுபத்துநான்கு. சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

நேற்று பிரிண்ட் எடுத்த ஆள் பட்டியல் மேஜைக்குக் கீழே இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக. பேப்பரில் ஏறியது பேப்பரில்தான் இருக்கும், அதை யாராலும் அழிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே எடுத்து விரித்தான்.

நடுநடுவே வெள்ளைப் பட்டைகள்.

பெயர் இருந்திருக்க வேண்டிய இடங்களில் வெறும் காகிதம். விரலால் தடவிப் பார்த்தான். பிரிண்டரின் ஊசிகள் குத்திய குழிகள் அப்படியே இருந்தன. மசி மட்டும் இல்லை. பென்சிலைப் படுக்க வைத்து மேலே தேய்த்தான். கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. 2206, ராசாத்தாள். இன்னும் தேய்த்தான். தெய்வாத்தாள், கூட்டிவந்தவர் எண் 2206. அவளுக்குக் கீழே ஒருத்தி, கூட்டிவந்தவர் எண் 2206. அடுத்தவள். அடுத்தவள். முதலில் ராசாத்தாள் கூட்டிவந்தவர்கள் ஒரே அடியாகப் போயிருக்கிறார்கள். பிறகு அவர்கள் கூட்டிவந்தவர்கள். ஒவ்வொருத்தியாக, ஒழுங்காக, வரிசை மாறாமல். கம்ப்யூட்டருக்கு அவசரமே இல்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டினான். பென்சில் கூர் உடைந்தது. வேறு எடுத்தான். பாத்திமுத்து, 3118, இவளைக் கூட்டிவந்தவள் தெய்வாத்தாள். இந்த வரியில் மசி இன்னும் இருந்தது. வெயிலில் கிடந்த காகிதம் மாதிரி பழுப்படித்துக்கொண்டிருந்தது.

பாத்திமுத்து யாரையாவது கூட்டிவந்திருக்கிறாளா?

ஒரே ஒரு ஆள். பட்டியலின் கடைசிப் பக்கம். கடைசி வரி.

9999. ஷ்ரவ்யா. கூட்டிவந்தவர் எண் 3118.

அவனுடைய மகள்.

அவன்தான் எழுதினான். தொண்ணூற்று நான்கில், டேபிள் வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனைக்கு ஒரு வரி. ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்போதுதான் இரண்டு வயது முடிந்து, தன் பெயரைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டு, வீடு முழுக்க அதையே கத்திக்கொண்டு திரிந்தாள் பாப்பா. ஆசையாக அவள் பெயரை அடித்தான். கூட்டிவந்தவர் எண் இல்லாமல் டேபிள் ஏற்காது. கையில் இருந்த நோட்டில் கண்ணில் பட்ட ஒரு எண்ணைப் போட்டான். சோதனை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். அழிக்க மனசு வரவில்லை. மகள் பெயர் அல்லவா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் முழுசாக நின்றது. இனி அங்கே யாரும் இல்லை.

பாலகோபால் கீபோர்டை இழுத்தான். ஷ்ரவ்யாவின் வரியை அழித்துவிடலாமா? கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அழித்தால் என்ன ஆகும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். மாற்றிப் பிடிக்க வைக்க வேண்டும். வேறொரு ஆளை. பாத்திமுத்து போவதற்குள்.

1001 என்று போட்டான். மில்லின் முதல் ஆள், பட்டியலின் முதல் வரி, மசி கொஞ்சமும் மங்கவில்லை.

அப்படி ஒருவர் இல்லை என்றது திரை.

இருக்கிறாரே! தேடிக் காட்டச் சொன்னான். காட்டியது. பெயர், ஊர், சேர்ந்த தேதி எல்லாம் காட்டியது. அந்த எண்ணை ஷ்ரவ்யாவுக்குப் போட்டான். அப்படி ஒருவர் இல்லை.

1002. இல்லை.

1350. இல்லை.

வஹீதின் எண். இல்லை.

வெறுமையாக விட்டான். வெறுமையாக விடக் கூடாது என்றது. அந்த விதியும் அவன் போட்டதுதான். சரி, விதியையே எடுத்துவிடுகிறேன் என்று அடித்தான். டேபிள் வேலையில் இருக்கிறது, பொறு என்றது.

பொறு!

காகிதத்தைப் பார்த்தான். பாத்திமுத்துவின் வரி வெளுத்துவிட்டது. ஷ்ரவ்யாவின் முதல் எழுத்தில் மசி பழுப்பானது. எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டான், ரத்தம் வரும் இடத்தை அழுத்துகிற மாதிரி. ஒரு கையால் அடித்தான். 2871. இல்லை. 1604. இல்லை. இருக்கிற எண்ணையெல்லாம் இல்லை என்றது. விரலை எடுத்துப் பார்த்தான். முதல் எழுத்து போய்விட்டது. இரண்டாவது போய்க்கொண்டிருந்தது.

எந்த எண்ணைத்தான் ஏற்றுக்கொள்வாய்?

கேட்டவுடனே பதில் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னான். மூன்றாவது எழுத்து.

2206 என்று அடித்தான்.

ஒரு வரி மாற்றப்பட்டது.

கமிட்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து காகிதத்தைப் பார்த்தான். ஷ்ரவ்யாவின் பெயர் முழுசாக, புது ரிப்பனில் அடித்த மாதிரி கறுகறுவென்று இருந்தது. 2206-ஐத் தேடிக் காட்டச் சொன்னான். அப்படி ஒரு வரியே இல்லை என்றது. இல்லாத ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு அவன் மகள் நின்றுகொண்டிருக்கிறாள். எப்படியோ நிற்கிறாளே, அது போதும். பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நாற்பது பேரை அவன் ஒரு நொடி நினைத்துப் பார்த்தான். பிறகு, என் குழந்தை தப்பித்தாள் என்று நினைத்தான். வெட்கமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஒன்றே ஒன்று. எண்ணெய் காணாத மெஷின். சுற்றுக்கு ஒரு தடவை கீச்சிட்டது.

கறுப்புப் போனை எடுத்து ஆபரேட்டரிடம் வீட்டு எண்ணைக் கேட்டான். உப்பிலிபாளையத்து வீட்டில் மணி அடிப்பது கேட்டது. மனைவி ராமாமணி எடுத்தாள்.

"பாப்பா என்ன பண்றா?"

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதானுங்களே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க."

"யாரு?"

"உங்க மில்லுப் பொம்பளை. கையில இத்தாம்பெரிய கட்டுப் போட்டுட்டு வந்திருந்தாங்க. பாவம், வாசல்லயே நின்னாங்க, உள்ள வாங்கன்னாலும் வரல. பாப்பாவோட நைனா கூப்பிடறாருன்னாங்க. சீட்டு காட்டுனாங்க, உங்க கையெழுத்துதான் இருந்துச்சு."

"சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"பாப்பா பேரு. அப்புறம் ஏதோ நம்பருங்க. கூட்டிவந்தவர்னு போட்டு இன்னொரு நம்பர். ஏனுங்க, என்னாச்சு? இப்பத்தான் போனாங்க. தெருமுனை கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. எட்டிப் பார்க்கட்டுமா?"

"அழுதாளா?"

"எங்க அழுதா? புது ஆளைக் கண்டா அந்தக் கத்துக் கத்துவா. அந்தம்மாகிட்ட மட்டும் தானாப் போயி ஒட்டிக்கிட்டா, விடவே மாட்டேங்கறா."

அவன் போனை வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்து, ஏனுங்க, ஏனுங்க என்று தொங்கிக்கொண்டே கூப்பிட்டது.

வராந்தாவில் காற்று நின்றிருந்தது. ரீலிங் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. திண்டில் ஒரு போசிகூட இல்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஜோடி கறுப்பு ஸ்கூல் ஷூ. ஒன்றுக்குள் ஒன்றாகச் சாக்ஸைச் சுருட்டி, அடக்கமாக வைத்திருந்தது.

உள்ளே மதியம் இருட்டிக் கிடந்தது. தூசி. ஒட்டடை. வரிசை வரிசையாகச் செத்த மெஷின்கள். கோடியில் ஒன்று மட்டும் சுற்றியது. கீச். கீச். அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள் அவள். வெளுத்த நீலச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"ராசாத்தா."

"வாங்க சார்." அவள் திரும்பவில்லை. குரலில் கோபமே இல்லை. மிதியடிக்கு வெளியில் நின்று லீவு கேட்கிற அதே குரல். "பார்த்து வாங்க, கீழ எண்ணெய் கெடக்குது."

"பாப்பா எங்க?"

"இங்கதானுங்க இருக்குது."

எங்கும் இல்லை. மெஷினுக்குப் பின்னால் பார்த்தான். அடியில் குனிந்து பார்த்தான். தூசியில் அவள் காலடி மட்டும் இருந்தது. சின்னக் காலடி ஒன்றுகூட இல்லை.

"அக்கா," என்றான். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மேனேஜர் சொன்னாருக்கா. நானா செய்யலைங்க்கா. நாளைக்கே உங்க பேரை மறுபடி ஏத்திடறேன். எல்லாத்தையும் ஏத்திடறேன். பாப்பாவைக் குடுத்துருங்க."

"உங்களை நான் ஒண்ணுமே சொல்லலீங்களே சார். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு என்னை எடுத்துபோட்டீங்க. அப்புறம் நீங்களே என்ர பேருக்கு ஒரு ஆளை எழுதிக் குடுத்தீங்க. நாங்க என்னைக்குங்க உங்க பேச்சைத் தட்டியிருக்கறோம்?"

"சின்னக் குழந்தைங்க்கா. அவ என்ன வேலை செய்வா?"

"அதெல்லாம் செய்யுதுங்க. நல்லாச் செய்யுது." நூல் அறுந்தது. மெஷின் நின்றது. அந்த அமைதியில் அவள் சொன்னாள்: "ஒத்தக் கையில முடிச்சுப் போட முடியாதுங்களே சார்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

இடது கை அறுந்த நூலின் ஒரு முனையை எடுத்தது. காய்ப்புக் காய்த்த, நரம்போடிய கை. முந்தானை விலகியது. வலது முழங்கை. அதற்குக் கீழே கட்டுத் துணி. கட்டுத் துணி முடிந்த இடத்தில், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்னக் கை.

நாலு வயசுக் கை. பெருவிரல் நகம் சதை வரைக்கும் கடித்திருந்தது. கடிக்கக் கூடாதென்று தினம் ராத்திரி ராமாமணி அந்த விரலில்தான் வேப்பெண்ணெய் தடவுவாள். வாசனைகூட வந்தது.

சின்னக் கை நூலின் மறுமுனையைத் தேடியது. தடவியது. பிடித்தது. இரண்டு கைகளும் சேர்ந்து முடிச்சை இழுத்து இறுக்கின.

மெஷின் மறுபடி ஓடியது.

"பாருங்க, நைனா வந்திருக்குது," என்றாள் ராசாத்தாள், தன் வலது கையைக் குனிந்து பார்த்து.

காலையில் ஸ்கூல் வாசலில் விட்டுவிட்டு அவன் கிளம்பும்போது தினமும் செய்கிற மாதிரி, அந்தக் கை அவன் பக்கம் திரும்பி, ஐந்து விரல்களையும் விரித்து மூடி, விரித்து மூடி, டாட்டா காட்டியது.